யோபு வராத வரிசை

அவன் வேதபாடம் நடத்தினால் யாரும் தூங்குவதில்லை. என் பொறாமைக்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

போடியில் எங்கள் சபை சிறியது. ஞாயிறு காலை ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ்ந்ததும் மறுபடி கோயிலில் கூடுவோம். ஒரு வாரம் நான் பாடம் நடத்துவேன், மறுவாரம் அவன். நான் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியன், எம்.ஏ. படித்தவன். அவன் மதுரைக் கல்லூரியில் என்னோடு படித்தவன். விடுதியில் ஒரே அறை. பி.ஏ. முடித்ததும் குரங்கணிக்கு மேலே அவனுடைய அப்பா விட்டுப்போன ஏலத்தோட்டத்தைப் பார்க்கப் போய்விட்டான். ஒருவரையொருவர் மாப்ளே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

என் வாரத்தில் ஆட்கள் குறைவாக வருவார்கள். மழை என்பார்கள், பஸ்சு இல்லை என்பார்கள். அவன் வாரத்தில் அதே பஸ்சில் ராசிங்காபுரத்திலிருந்து குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். நான் குறிப்பு எழுதி, தலைப்புப் பிரித்து, நேரம் பார்த்துப் பேசுவேன். அவன் செருப்பில் மலைச்சேறு காயாமல் வந்து நிற்பான். ஒரு கேள்வி கேட்பான், பிறகு பேசாமல் இருப்பான். அவ்வளவுதான் அவன் நடத்தும் முறை.

ஒருமுறை, காணாமல் போன ஒரே ஆட்டைத் தேடிப் போன மேய்ப்பனின் கதை. "ஒத்தை ஆட்டைத் தேடிப் போனானே, மத்த ஆடுகளை யாருகிட்ட விட்டுட்டுப் போனான்?" என்று கேட்டான்.

ராசிங்காபுரத்துப் பெரியவர் ஒருவர், ஆடு வைத்திருப்பவர், பின்வரிசையிலிருந்து எழுந்தார். "எவனும் அப்படிப் போகமாட்டான் தம்பி. போனா, அம்புட்டும் அடுத்தவன் சோளக்காட்டுலதான் நிக்கும்."

"அப்ப இவன் ஏன் போனான்?"

"கிறுக்கனா இருப்பான்."

கோயிலே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவன், "நம்மளைத் தேடி வந்தவரும் அப்படித்தாண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். அந்தப் பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அதே பகுதியை நான் முந்தின வருசம் ஆறு தலைப்புகளில் விளக்கியிருந்தேன். ஒருவரும் எழுந்து எதுவும் கேட்டதில்லை.

அன்றைக்கு வீட்டில் என் மனைவி, "அண்ணன் பேசுனா மனசு லேசாகுதுங்க" என்றாள்.

"நான் பேசினா?"

"நீங்க பேசுனா பரீட்சைக்குப் படிச்ச மாதிரி இருக்கு." விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் அதைப் பல வருசம் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் அவனுடைய மகள் இறந்தாள். ஒரே பிள்ளை, ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவள். தோட்டத்தில் காய்ச்சல் கண்டு, மழைச்சேற்றில் ஜீப்பு மேலே ஏறாததால் ஆள் தோளில் போட்டுக் குரங்கணிவரை இறக்கிவிட்டார்கள். கீழே ஆற்றில் வெள்ளம். பிள்ளையை ஏற்றிய ஜீப்பு ஆற்றைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டது. வெள்ளம் வடியக் காத்திருந்த நேரத்தில் பிள்ளை போய்விட்டாள்.

அடக்கத்துக்குப் பிறகு அவன் கோயிலுக்கு வந்தான். அவன் மனைவி வரவில்லை. சில மாதம் கழித்து, ஒரு ஞாயிறு பாடம் முடிந்து எல்லோரும் போனபின் அவன் என்னை நிறுத்திவைத்தான்.

"மாப்ளே, அவ ஒரு கேள்வி கேட்டிருக்கா. 'பிள்ளை என்ன பாவம் செஞ்சுச்சுன்னு வேதத்துல பாத்துச் சொல்லுங்க, அப்புறம் கோயிலுக்கு வர்றேன்'னு சொல்லிட்டா."

"நீ என்ன சொன்னே?"

"யோபு புத்தகத்தை முழுசாப் படிச்சிட்டுச் சொல்றேன்னேன். படிக்கப் படிக்க எனக்கே பிடிபடலை. யாராவது நல்லா ஆராஞ்சு எழுதின விளக்கவுரை வேணும். உனக்குத்தான் இங்கிலீசுப் புத்தகம் தெரியும். பாத்துச் சொல்லு."

குற்றமில்லாமல் பிள்ளைகளை இழந்த யோபு, கடவுளிடம் காரணம் கேட்கும் புத்தகம் அது. அவன் கண்கள் குழிந்திருந்தன. நான் அவன் தோளில் கைவைத்தேன். வைத்த கைக்கு உள்ளே என்ன இருந்தது என்பதை இந்த வயதில் எழுதிவிடுகிறேன். மகளை இழந்த பிறகு அவன் நடத்திய பாடங்களுக்குக் கூட்டம் இரட்டித்திருந்தது. அவன் வாய் திறக்கும் முன்பே பெண்கள் அழுதார்கள். அவனுடைய துக்கத்தின் மேலும் எனக்குப் பொறாமை இருந்தது. எனக்கு இரண்டு பிள்ளைகள், இருவரும் நல்ல சுகத்தோடு இருந்தார்கள். அப்படியிருந்தும் அந்த மனிதனிடம் இருந்ததற்கு நான் ஆசைப்பட்டேன்.

அந்த வருசம், அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை பெரிதாக நடந்தது. எங்கள் சபையில் காணிக்கையாக வரும் பொருளைக் கோயில் வாசலில் வைத்து ஏலம் விடுவது வழக்கம். ஒரு பூசணிக்காயை நாலு பேர் மாறி மாறி எடுத்து, திரும்பக் காணிக்கையாக வைத்து, மறுபடி ஏலம் கூறுவார்கள். அந்தத் தடவை மேல்மலைத் தோட்டத்து ஜனங்கள் சேர்ந்து ஒரு மூட்டை ஏலக்காயையே இறக்கிவிட்டார்கள். நல்ல பணம் சேர்ந்தது. போதகர் அந்தப் பணத்தில் வேதபாடத்துக்கென்று ஒரு விளக்கவுரை வரிசை வாங்கலாம் என்றார். எது என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பைச் சபைக் கமிட்டி என்னிடம் விட்டது.

கமிட்டியில் அவனும் இருந்தான். "ஒரே வரிசையா வாங்க வேணாம்" என்று அவன்தான் முதலில் சொன்னான். "வரிசைன்னு பேருதான் ஒண்ணு. உள்ளே வேதத்துல ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒவ்வொரு ஆளு எழுதுறாரு. ஒருத்தர் சங்கீதப் புத்தகத்தை அருமையா எழுதியிருப்பாரு, இன்னொருத்தர் ரோமரைச் சொதப்பியிருப்பாரு. எது எதுல நல்லா இருக்கோ, அதை அதைத் தனித்தனியா வாங்குவோம்."

அவன் சொன்னதுதான் சரி. இன்றைக்கு இறையியல் படிக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்டால் நானும் அதையேதான் சொல்கிறேன். ஆனால் எங்கள் கமிட்டியில் பாதிப்பேர் ஏலக்காய் வியாபாரம் செய்தவர்கள். அதில் மூத்தவர் கையை ஆட்டினார்.

"அதெப்படி அப்பு? நயங்காயும் நடுக்காயும் ஒரே மூட்டையில கலந்து கொண்டுபோனா எவன் வெல கேப்பான்? தரம்னா ஒரே தரமா இருக்கணும்."

"அண்ணே, புத்தகம் காய் இல்லையே."

"எல்லாம் சரக்குதான். ஒரே அட்டை, ஒரே உசரம், கண்ணாடி அலமாரியில வரிசையா நின்னாத்தான் சபைக்கு மதிப்பு. கலவைச் சரக்கு வேணாம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் அவன் பக்கம் நிற்பேன் என்று நினைத்திருப்பான். "முழு செட்டா இருந்தா நல்லதுதான்" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை ரயிலேறி மதுரைக்குப் போனேன். கிறிஸ்தவப் புத்தகங்கள் விற்கும் கடையில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு நிதானமான மனிதர் இருந்தார். மூன்று வரிசைகளை மேசைமேல் எடுத்து வைத்தார். முதலாவது மிகப் பழையது. பக்தியாக இருந்தது, ஆராய்ச்சி இல்லை. இரண்டாவது, பிரசங்கம் செய்கிறவர்களுக்கும் படித்த சபையாருக்கும் எழுதப்பட்டது. தெளிவான ஆங்கிலம். மூலமொழிச் சொற்களை ஆங்கில எழுத்திலேயே போட்டு விளக்கியிருந்தார்கள். வரிசை முழுவதும் வந்து முடிந்திருந்தது. மூன்றாவது புதியது. பக்கத்தில் பாதி அடிக்குறிப்பு. எபிரெயமும் கிரேக்கமும் அந்தந்த எழுத்திலேயே நின்றன.

"சபை வேதபாடத்துக்குன்னா ரெண்டாவதை எடுத்துக்கங்க சார். மூணாவது போதகருக்குப் படிக்கிற செமினரிக்குத்தான் ஆகும். அதுலயும் பாதி இன்னும் வரலை. யோபெல்லாம் எழுதிக்கிட்டேதான் இருக்காங்க. முன்பதிவு பண்ணினா வர வர அனுப்புவோம்."

நான் இரண்டாவது வரிசையின் யோபுவை எடுத்து, கடையின் முக்காலியில் உட்கார்ந்து படித்தேன். முன்னுரையே என்னைப் பிடித்துக்கொண்டது. துன்பத்துக்குக் காரணம் பாவம் என்று சொன்ன யோபின் நண்பர்களை அந்த ஆசிரியர் பொறுமையாக, ஒவ்வொருவராக எடுத்து மறுத்திருந்தார். கோபப்படுகிறவனைக் கடவுள் தள்ளிவிடவில்லை என்ற இடத்தை நின்று நிதானமாக எழுதியிருந்தார். அதைத் தமிழில் பெயர்த்து எந்தத் தாயின் கையிலும் கொடுக்கலாம். அவன் தேடியது என் மடியில் இருந்தது.

படிக்கப் படிக்க எனக்கு ஒரு காட்சி தோன்றியது. அவன் இதைப் படித்துவிட்டுக் கோயிலில் எழுந்து நிற்கிறான். அவன் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். குரங்கணியிலிருந்தும் ராசிங்காபுரத்திலிருந்தும் ஜனங்கள் வாசல்வரை நிற்கிறார்கள். அதற்குப் பிறகு என் வாரம் என்று ஒன்று இருக்குமா?

புத்தகத்தை மூடி மேசையில் வைத்தேன். மூன்றாவதுக்கு முன்பதிவு செய்தேன். கடைக்காரர் ஒருதடவை என்னைப் பார்த்தார். "எபிரெயம் படிச்சிருக்கீங்களா சார்?" என்றார். "கொஞ்சம்" என்றேன். எனக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது.

கமிட்டியில் அந்த வரிசையின் பெருமையைச் சொன்னேன். உலகத்தில் அதைவிட உயர்ந்த தரம் இல்லை என்றேன். தரம் என்ற சொல்லே வியாபாரிகளுக்குப் போதுமானதாக இருந்தது. அவன் மட்டும் கேட்டான்.

"யோபு இருக்கா மாப்ளே?"

"வரும்" என்றேன்.

"எப்ப?"

"வந்துக்கிட்டிருக்கு."

அவன் முகம் தெளிந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம், நல்ல புத்தகம் வருகிறது, வந்ததும் படித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருப்பான். சொன்னான் என்று பின்னால் தெரிந்தது.

புத்தகங்கள் கப்பலில் இந்தியாவுக்கு வந்து, மதுரைக் கடையிலிருந்து பார்சலாகப் போடிக்கு வரும். ஒவ்வொன்றும் செங்கல் கனம். முதலில் வந்தது லேவியராகமம். நான் அதை வைத்துப் பலிகளைப் பற்றி நாலு வாரம் பேசினேன். கரும்பலகையில் எபிரெய எழுத்துகளைப் பார்த்து வரைந்தேன், படம் வரைவதைப்போல. யாருக்கும் தெரியாது என்ற தைரியம்.

ஏலக்காய் பறிப்பு முடிந்து அவன் ஊருக்குள் இறங்கும்போதெல்லாம் முதலில் என் வீட்டுக்கு வருவான். காப்பித் தம்ளரைக் கையில் வாங்கும் முன்னே கேட்பான்.

"வந்துருச்சா மாப்ளே?"

"இல்லை. எழுதுறவர் பெரிய அறிஞர். நேரம் எடுக்கும்."

"எடுக்கட்டும். நல்லா எழுதட்டும்." சில நேரம் தயங்கிவிட்டுச் சொல்வான்: "அவ இன்னும் வரமாட்டேங்குறா. நானும் புத்தகம் வரட்டும்னு சொல்லிக்கிட்டிருக்கேன்."

இல்லை என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்குள் ஒரு சின்னத் தித்திப்பு ஊறியது. அதை மறைக்கச் சீனி டப்பாவை எடுப்பதுபோல எழுந்து உள்ளே போவேன். என் மனைவி அதைக் கவனித்திருப்பாள் என்று நினைக்கிறேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக அவன் பாடம் நடத்துவதை விட்டான். நான் வரவழைத்த தடித்த புத்தகங்களை அலமாரியிலிருந்து எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னான்: "இம்புட்டு ஆராய்ச்சி இருக்குன்னு தெரியாம நான் பாட்டுக்கு நின்னு பேசிக்கிட்டிருந்திருக்கேன் மாப்ளே. வெக்கமா இருக்கு. இனி எல்லா வாரமும் நீயே நடத்து. நான் கேக்குறேன்."

இதுதான் நான் வேண்டியது. கிடைத்தது. எல்லா ஞாயிறும் என்னுடையதாயிற்று. ராசிங்காபுரத்துப் பெரியவர் வருவதை நிறுத்தினார். தெருவில் பார்த்துக் கேட்டபோது, "சோலி கெடக்கு சார்" என்றார். அவன் மட்டும் மலையிலிருந்து இறங்கி வந்து, பின்வரிசையில் உட்கார்ந்து, நான் வரைந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

நடுவில் ஒருமுறை விடைத்தாள் திருத்த மதுரைக்குப் போனபோது அதே கடைக்குள் நுழைந்தேன். இரண்டாவது வரிசையின் யோபு தட்டில் இருந்தது. கடைக்காரரே அதை எடுத்து நீட்டினார். "இதையாவது தனியா வாங்கிட்டுப் போங்க சார், அது இப்போதைக்கு வராது." என் சட்டைப்பையில் பணம் இருந்தது. அலமாரியில் வேறு உயரத்தில் நிற்குமே என்றேன். நானும் வியாபாரிகளைப்போலப் பேசக் கற்றிருந்தேன்.

எண்பதுகள் பிறந்து சில வருசம் ஆனபின் யோபு வந்தது. பார்சலைப் பிரித்தேன். இனிமேல் இல்லை என்று சொல்ல முடியாது. பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஒரு வாரம் அதைப் படித்தேன். அடுத்த சனிக்கிழமை குரங்கணிக்குப் பஸ்சில் போய், அங்கிருந்து லோடு ஏற்றப் போன ஜீப்பில் தொற்றிக்கொண்டு மேலே போனேன். போகும்போதுகூட என் மனம் ஒரு கணக்குப் போட்டது: புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தவன் நான் என்று அவனுக்கு நன்றி இருக்கும்.

காய் உலர்த்தும் ஸ்டோர் வாசலில் அவன் மனைவி சாக்கு விரித்து உட்கார்ந்து, காய்ந்த காயில் வெடித்ததைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பல வருசம் கழித்து அவளைப் பார்க்கிறேன். தலை நரைத்திருந்தது.

"வாங்கண்ணே" என்றாள். உள்ளே திரும்பி, "உங்க மாப்ளே வந்திருக்காரு" என்று குரல் கொடுத்தாள்.

அவன் புகைவாடையோடு வெளியே வந்தான். புத்தகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான். கையில் வாங்கவில்லை. "அவகிட்டயே குடு" என்றான்.

அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. இரண்டு கையையும் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கி, மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க படிச்சீங்களா அண்ணே?"

"படிச்சேம்மா."

"எம்பிள்ளை ஏன் போச்சுன்னு இதுல இருக்கா?"

சொற்களின் வேர்கள் அதில் இருந்தன. எந்தச் சுவடியில் எந்த வரி மாறியிருக்கிறது என்று இருந்தது. மதுரைக் கடையில் என் மடியில் கிடந்த அந்தப் புத்தகத்தில் இருந்த எதுவும் இதில் இல்லை.

"இல்லம்மா" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "இதுக்காகத்தான் இத்தனை வருசமா?" என்று அவனைப் பார்த்துக் கேட்டாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "நான் அந்தப் பேச்சை எடுத்தா, புத்தகம் வரட்டும்பாரு. அவரு எடுக்க வந்தா, அதான் புத்தகம் வருதுல்லன்னு நான் சொல்லிருவேன். பிள்ளை பேரைச் சொல்லியே வருசக்கணக்காச்சுண்ணே இந்த வீட்டுல."

அப்போதுதான் நான் செய்தது என்னவென்று எனக்கு முழுதாகத் தெரிந்தது. அவன் புகழைக் குறைக்க நினைத்தேன். நான் அடைத்ததோ ஒரு வீட்டில் இருவர் பேசிக்கொள்ளும் வாயை.

நின்றபடியே சொல்லிவிட்டேன். அன்றைக்கே வேறொரு யோபு கடையில் இருந்ததையும், அதைப் படித்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டு வந்ததையும், இந்த வரிசையில் யோபு எழுதியே முடியவில்லை என்று கடைக்காரர் சொன்னதையும், இரண்டாம் முறை அவர் கையில் கொடுத்தும் வாங்காமல் வந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவன் அவள் மடியிலிருந்த புத்தகத்தைப் பார்த்தான்.

"ஏன்?" என்றான்.

"பொறாமை."

"எம்மேலயா? எங்கிட்ட என்னடா இருந்துச்சு?"

அவன் முகம் சிவந்து, கை ஓங்க வந்ததுபோல முன்னால் ஓர் அடி எடுத்து வைத்தான். அவள் புத்தகத்தை எடுத்துச் சாக்கின் ஓரத்தில் வைத்தாள். "அண்ணே, ஜீப்பு கிளம்பிரும். வெரசா இறங்குங்க" என்றாள். அவள் குரலில் கடுமை இல்லை. இனி நான் அங்கே இருக்க வேண்டியதில்லை என்பது மட்டும் இருந்தது.

அதற்குப் பிறகு போடியில் எங்கே பார்த்தாலும் அவன் என்னை சார் என்றுதான் கூப்பிட்டான். மரியாதையாகவே பேசுவான். சாகும்வரை அந்த மாப்ளே திரும்பி வரவில்லை. நான் பாடம் நடத்துவதை விட்டேன். கொஞ்ச காலம் கழித்துப் போதகர் அவனைக் கேட்டார். அவன் மாட்டேன் என்றுவிட்டான். ஆக, எங்கள் சபையில் வேதபாடமே நின்றுபோனது. இதற்கும் நான்தான் காரணம் என்று யாருக்கும் தெரியாது. இப்போது தெரியட்டும்.

அன்றைக்கு ஜீப்பின் பின்பக்கம் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தேன். முதல் வளைவில் திரும்பும்போது ஸ்டோர் வாசல் கண்ணுக்குத் தெரிந்தது. அவன் அவள் பக்கத்தில் சாக்கின் மேலேயே உட்கார்ந்திருந்தான். அவள் ஏதோ சொல்லிக்கொண்டே உள்ளங்கையைக் கவிழ்த்துத் தரைக்கு மேலே ஓர் உயரத்தில் பிடித்துக் காட்டினாள். அவன் தலையை அசைத்து மறுத்து, அவள் கையைப் பிடித்துச் சற்று மேலே தூக்கி வைத்தான். அவள் மறுபடி கீழே இறக்கினாள். பிள்ளை எவ்வளவு உயரம் இருந்தாள் என்பதில் இருவருக்கும் வாக்குவாதம். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை.

ஜீப்பு வளைந்து மரங்கள் மறைக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் என் மனைவியும் எதைப் பற்றியும் அப்படிப் பேசிக்கொண்டதில்லை. செய்த பாவத்தை வாய்விட்டுச் சொல்லிக் கால் மணிநேரம்கூட ஆகவில்லை. அவர்களைப் பார்த்து எனக்கு மறுபடியும் பொறாமையாக இருந்தது.